குளிர்நீரில் சுழியோடச் செல்பவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

சான்றிதழ் பெற்ற சுழியோடிகளுக்கான குளிர்நீர்ப் படகுப் பயணங்கள் பற்றி மலையகத்திலிருந்து வந்த ஐந்து கடிதங்களுக்கு இம்முறை பதிலளிக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

கேள்வி (நானுஓயா): திருகோணமலையில் பயின்று அட்வான்ஸ்ட் தரச் சான்றிதழ் பெற்றிருக்கிறேன். லண்டனில் இருக்கும் என் அண்ணன், எதிர்வரும் மே மாதம் ஸ்கொட்லாந்தின் ஸ்கபா ஃப்ளோ என்னும் கடற்குடாவில் ஒரு வாரப் படகுச் சுழியோட்டத்துக்கு எங்கள் இருவருக்கும் இடம் பதிந்துவிட்டார். நான் இதுவரை இறங்கியதெல்லாம் வெதுவெதுப்பான கடலில்தான். ஆனாலும் நுவரெலியாக் குளிரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தக் குளிர் ஒரு பெரிய காரியமா?

பதில்: பெரிய காரியந்தான். தை மாத விடியலில், புல்லில் வெண்பனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகும் வேளையில், நீங்கள் தாங்கிப் பழகியது காற்றின் குளிரை. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கடத்திவிடும். திருகோணமலைக் கடல் 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். மே மாதத்து ஸ்கபா ஃப்ளோவில் அது 8 முதல் 10 பாகைக்குள் இருக்கும். அந்த நீரில் இறங்கிய முதல் ஓரிரு நிமிடங்களில் மூச்சு தானாகத் திணறி விரைவுபடும், இதயத் துடிப்பு உயரும். மூச்சு விரைந்தால் சிலிண்டர்க் காற்றும் விரைவில் தீரும். பின்னர் விரல்கள் மரக்கும்; கண்ணை மூடிக்கொண்டு திருகோணமலையில் கழற்றி மாட்டிய கொக்கியைக்கூட இங்கே பிடிக்க இயலாமற் போகும். உடலின் மைய வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ அவசரநிலை. ஆயினும் அதற்கு வெகு முன்பே சிந்தனை மந்தமாகி, சிலிண்டரில் எஞ்சிய காற்றைக் காட்டும் அமுக்கமானியைப் பார்க்க மறப்பது போன்ற சிறு தவறுகள் தொடங்கிவிடும். குளிர்நீரில் நான் அதிகம் அஞ்சுவது இந்த மந்தத்துக்குத்தான். ஏனெனில் அதற்கு ஆட்பட்டவருக்கு அது தெரிவதில்லை.

உங்கள் சான்றிதழ் செல்லும். ஆனால் பயிற்சி பெற்ற சூழலுக்கு ஒத்த, அல்லது அதைவிட எளிதான சூழலில் தன்பொறுப்பில் இறங்கவே ஒரு சான்றிதழ் ஒருவரைத் தகுதிப்படுத்துகிறது என்று பயிற்சி நிறுவனங்களே சொல்கின்றன. அட்வான்ஸ்ட் தரம் 30 மீற்றர் ஆழத்துக்கானது. முதலாம் உலகப் போரின் முடிவில் ஸ்கபா ஃப்ளோவில் தடுத்து வைக்கப்பட்ட ஜேர்மன் கடற்படையின் 74 கப்பல்களில் 52 கப்பல்கள் 1919 ஜூன் 21 அன்று அவற்றின் மாலுமிகளாலேயே தாழ்க்கப்பட்டன. (1914இல் சென்னையைத் தாக்கிய எம்டனின் பெயரைத் தாங்கிய இன்னொரு எம்டனும் அங்கே இருந்தது, தாழ்க்கக் கட்டளையிட்ட அட்மிரல் லுட்விக் ஃபொன் ரொயிட்டர் அன்று அதில்தான் இருந்தார்.) பெரும்பாலானவை பின்னர் மீட்டெடுக்கப்பட்டு உடைக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் மூன்று பெரும் போர்க்கப்பல்களும் அவற்றைவிடச் சிறிய நான்கு இலகு குரூஸர் கப்பல்களுமே இன்று சுழியோடிகளை ஈர்ப்பவை. கார்ல்ஸ்ரூ சுமார் 26 மீற்றரில் கிடக்கிறது. பிரம்மர், கெல்ன் ஆகியன 36 மீற்றரை அண்டியவை. மார்க்கிராஃப் போன்ற போர்க்கப்பல்கள் கவிழ்ந்த நிலையில் 40 மீற்றரைத் தாண்டிய அடித்தளத்தில் கிடக்கின்றன. ஆகவே உங்கள் தரத்துக்குப் போர்க்கப்பல்களின் அடிப்பகுதி உரியதல்ல. குரூஸர்களின் மேற்பகுதிகளே ஒரு வாரத்துக்குப் போதிய காட்சியைத் தரும்; அவற்றோடு நிறைவடையுமாறு வேண்டுகிறேன். இக்கப்பற்சிதைவுகள் சட்டப் பாதுகாப்புப் பெற்ற நினைவுச்சின்னங்கள் என்பதால் ஓர் ஆணியைக்கூட எடுத்து வரலாகாது. 1939இல் 800க்கும் மேற்பட்டோருடன் மூழ்கிய ரோயல் ஓக் என்னும் பிரித்தானியக் கப்பலோ போர்க் கல்லறை. அதனருகே இறங்கவே அனுமதியில்லை.

இன்னொரு வேறுபாட்டைப் பலர் படகில் ஏறிய பிறகே உணர்கிறார்கள். நமது கரையோரங்களில் வழிகாட்டி ஒருவர் முன்னே நீந்த, மற்றவர்கள் பின்தொடர்வது வழக்கம். பிரித்தானியப் படகுகளில் பொதுவாக அப்படியில்லை. படகோட்டி கப்பற்சிதைவின் மேல் மிதவைக் கயிற்றை இட்டு, அமைப்பை விளக்கி, இருவர் இருவராக இறக்கிவிடுவார். கீழே வழி கண்டறிவதும், காற்றைக் கணக்கிடுவதும், மேலே வரும்போது மிதவைக் குழாயை ஊதி விட்டுத் தாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டுவதும் அந்த இருவரின் பொறுப்பு. பார்வைத் தூரம் பல நாட்களில் பத்து மீற்றரை எட்டாது. உங்கள் அண்ணன் குளிர்நீரில் பழகியவராக இருந்தாலும், இருவரில் ஒருவர் மட்டும் ஆயத்தமாக இருப்பது இருவருக்குமே ஆபத்து.

எனவே ஒரு வாரமோ பத்து நாளோ முன்னதாகச் சென்று, லெஸ்டர்ஷயரிலுள்ள ஸ்டோனி கோவ் போன்ற நீர் நிறைந்த கற்குழியில் ட்ரை சூட் (நீர் உட்புகாத சுழியோட்ட உடை) பயிற்சியை முறையாகப் பெற்றுக்கொள்ளுங்கள். சான்றிதழுக்கான குறைந்தபட்ச முழுக்குகளோடு நிறுத்திவிடாமல், உடை உடலோடு இயல்பாகப் பொருந்தும் வரை தொடருங்கள். ஸ்கபாவின் முதல் முழுக்கை உங்கள் முதல் ட்ரை சூட் முழுக்காக ஆக்கிவிட வேண்டாம். டன்சினன், ஹோலிரூட், எடின்பரோ எனத் தோட்டப் பெயர்களில் மட்டுமே ஸ்கொட்லாந்தை அறிந்த நம்மவர் ஒருவர் அந்தக் கடலுக்குள் இறங்கப் போகிறார் என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அதனாலேயே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி (பண்டாரவளை): ட்ரை சூட்டுக்குள் என்ன அணிய வேண்டும்? குளிர்நீரில் ரெகுலேட்டர் (சிலிண்டர்க் காற்றின் அமுக்கத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி) உறைந்து காற்று கட்டுக்கடங்காமல் வெளியேறும் என்கிறார்கள். நீரே உறையாத 8 பாகையில் ரெகுலேட்டர் எப்படி உறையும்?

பதில்: சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அமுக்க அலகு) அளவில் அடைபட்டிருக்கும் காற்றை, ரெகுலேட்டரின் முதற் கட்டம், அதாவது சிலிண்டரோடு பொருத்தப்படும் பகுதி, சுற்றுநீரின் அமுக்கத்தைவிடப் பத்துப் பார் அளவே கூடிய அமுக்கத்துக்குக் குறைக்கிறது. திடீரென விரியும் வாயு கடுமையாகக் குளிர்கிறது. வெளியே நீர் 8 பாகையாக இருப்பினும் உள்ளே உலோகம் உறைநிலைக்குக் கீழே போகலாம். அங்கே ஈரம் இருந்தால் பனிக்கட்டி உருவாகி அடைப்பிதழைத் திறந்த நிலையிலேயே நிறுத்திவிடும். காற்று பீறிட்டு வெளியேறத் தொடங்கும். எவ்வளவு அதிகக் காற்று ஒரே வேளையில் ஓடுகிறதோ அவ்வளவுக்குக் குளிர்ச்சியும் கூடும். ஆகையால் படகின் மேற்றளத்தில் நின்று ரெகுலேட்டரை ஊதிச் சோதிப்பதைத் தவிருங்கள். உடைக்கும் மிதப்பு அங்கிக்கும் காற்றை நீண்ட நேரம் அழுத்தி ஏற்றாமல் சிறிது சிறிதாக விடுங்கள். அவ்வேளையில் மூச்சை உள்ளிழுக்காதீர்கள். இவற்றுக்கு முன்னதாக, 10 பாகைக்குக் குறைந்த நீருக்கென ஐரோப்பியத் தரம் ஈஎன் 250இன்படி சோதிக்கப்பட்ட, முதற் கட்டத்துக்குள் நீர் புகாதவாறு மூடப்பட்ட ரெகுலேட்டரையே வாடகைக்குக் கேளுங்கள். வெப்பக் கடல்களில் வாடகைக்குக் கிடைக்கும் பல ரெகுலேட்டர்கள் இந்த வகையைச் சேர்ந்தவையல்ல. பீறிடல் நேர்ந்துவிட்டால் காற்று நின்றுவிடாது, ஆனால் விரைவில் தீர்ந்துவிடும். துணைவரின் மாற்று ரெகுலேட்டருக்கு மாறி, ஒழுங்கான வேகத்தில் மேலேறி, அந்த முழுக்கை முடித்துக்கொள்வதே சரியான வழி.

உடையைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: பருத்தி வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்து உடலைக் குளிரச் செய்வது அது. தோலோடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்டர், அதன்மேல் தடித்த ஃபிளீஸ், காலுக்குக் கம்பளிக் காலுறை என்பதே ஒழுங்கு. தலைமூடியும் கையுறையும் இன்றி இறங்கவே வேண்டாம். காதுக்குள் திடீரெனப் புகும் குளிர்நீர் தலைசுற்றலை உண்டாக்கும். ட்ரை சூட்டுக்குள் இருக்கும் காற்று கால்பக்கம் திரண்டால் தலைகீழாக மேலே இழுத்துச் சென்றுவிடும் என்பதால், அந்நிலையிலிருந்து உருண்டு நிமிர்ந்து தோள்வால்வின் வழியே காற்றை வெளியேற்றும் பயிற்சியை ஆழமற்ற நீரில் பலமுறை செய்து பாருங்கள்.

கேள்வி (ஹட்டன்): எனக்கு வயது 52. இரத்த அழுத்தத்துக்கு நாளாந்தம் மாத்திரை எடுக்கிறேன். குளிர்நீரில் இறங்கலாமா?

பதில்: சுழியோட்ட மருத்துவம் அறிந்த மருத்துவரின் எழுத்துமூல ஒப்புதல் இன்றி இறங்க வேண்டாம். குளிர்நீரில் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்க, இரத்தம் நெஞ்சுப் பகுதிக்குத் திரும்பி, நுரையீரலில் நீர் கோக்கும் நிலை சிலருக்கு ஏற்படுகிறது. உயர் இரத்த அழுத்தம் அதற்கான முதன்மைக் காரணிகளுள் ஒன்று. நீருக்குள் காரணமின்றி மூச்சு வாங்கினாலோ இருமல் வந்தாலோ உடனே மேலேறிப் படகில் சொல்ல வேண்டும். மாத்திரையின் பெயரையும் படகோட்டியிடம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

கேள்வி (நுவரெலியா): என் மகள் இத்தகைய குளிர்நீர்ப் பயணம் ஒன்றுக்கு ஆயத்தமாக வார இறுதிகளில் திருகோணமலை சென்று சுழியோடிவிட்டு, ஞாயிறு மாலையே புறப்பட்டு இரவோடிரவாக வீடு வந்துவிடுகிறாள். சென்ற முறை வந்த பின் தோள்மூட்டில் வலியும் கையில் ஊசி குத்துவது போன்ற மரப்பும் இருந்தன. சிலிண்டர் தூக்கியதால் என்கிறாள். ஒரு தாயாக எனக்குக் கவலையாக இருக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. தயவுசெய்து இப்பதிலை மகளுக்கு இன்றே வாசித்துக் காட்டுங்கள்.

ஆழத்தில் கூடிய அமுக்கத்தில் சுவாசிக்கும்போது நைதரசன் உடலின் இழையங்களில் கரைந்து சேர்கிறது. மேலேறிய பின் அது மணிக்கணக்கில் மெதுவாக வெளியேற வேண்டும். அதற்கிடையில் சுற்றியுள்ள அமுக்கம் மேலும் குறைந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலில் நிகழ்வது போல, கரைந்த வாயு குமிழிகளாகப் பிரியும். மூட்டுவலி, மரப்பு, அசாதாரணக் களைப்பு ஆகியன அமுக்கத்தணிவு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். முழுக்குக்குப் பின் விமானம் ஏறக் கூடாது என்பதைச் சுழியோடிகள் எல்லோரும் படித்திருக்கிறார்கள். ஆனால் விமானத்தின் உள்ளறை அமுக்கம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீற்றர் உயரத்துக்குச் சமமாகப் பேணப்படுகிறது. நுவரெலியாவோ கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கடற்கரையில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கே. பஸ்ஸில் றம்பொடை ஏறி வருவதும், ரயிலில் பட்டிப்பொலையைக் கடப்பதும், உடலுக்கு விமானம் ஏறுவதாகவே அமையும். கடலோரத்தில் வாழ்பவர்களுக்காக எழுதப்பட்ட பாடங்களில் இது ஓரிரு வரியோடு முடிந்துவிடுகிறது. மலையகச் சுழியோடிக்கோ எல்லாவற்றிலும் முந்திய விதி இதுவே ஆகும்.

விமானப் பயணத்துக்கென வகுக்கப்பட்ட காத்திருப்பு நேரங்கள் சுமார் 600 மீற்றருக்கு மேற்பட்ட உயரங்களைக் கருத்திற் கொண்டவை: ஒரேயொரு முழுக்கு, அமுக்கத்தணிவு நிறுத்தம் (கரைந்த வாயு வெளியேறுவதற்காக மேலேறும் வழியில் தங்கி நிற்பது) தேவைப்படாதது எனில் குறைந்தது 12 மணி நேரம், பல முழுக்குகள் அல்லது பல நாட்கள் எனில் குறைந்தது 18 மணி நேரம், நிறுத்தம் தேவைப்பட்ட முழுக்கு எனில் அதைவிடக் கணிசமாகக் கூடிய நேரம். மகள் வார இறுதியில் பலமுறை இறங்குகிறாள் என்பதால் முழுமையாக 24 மணி நேரம் விடுமாறு சொல்வேன். சனிக்கிழமை நண்பகலோடு முழுக்குகளை முடித்து, அன்றிரவு திருகோணமலையிலேயே தங்கி, ஞாயிறு பிற்பகல் புறப்பட்டால் வேலைக்கும் தடையில்லை. ஸ்கொட்லாந்திலிருந்து விமானத்தில் திரும்பும்போதும் இதே கணக்கைப் பின்பற்ற வேண்டும். குளிரில் உறைந்த உடலோடு படகேறியதும் கொதிக்கும் சுடுநீரில் குளிப்பதும் வேண்டாம். திடீரெனச் சூடேறும் இழையங்கள் கரைந்த வாயுவை விரைவாக விடுவிக்கக்கூடும். சூடான பிளேன் டீயும் உலர்ந்த உடையும் போதும்.

சென்ற முறை வந்த அறிகுறிகள் தாமாக அகன்றிருந்தாலும், சுழியோட்ட மருத்துவம் அறிந்த ஒருவரைக் காணும் வரை மகள் மீண்டும் இறங்கக் கூடாது. இனி எப்போதாவது அப்படி நேர்ந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் சென்று, எத்தனை முழுக்கு, எவ்வளவு ஆழம், எத்தனை மணிக்கு முடிந்தது, எப்போது மலையேறினாள் என்ற விவரங்களைத் தெளிவாகக் கூறி, தூய ஒட்சிசன் தருமாறு கேளுங்கள். தோள்வலி என்று மட்டும் சொன்னால் வலிநிவாரணியோடு அனுப்பிவிட இடமுண்டு. சுழியோடிகளின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலேர்ட் நெட்வேர்க் என்னும் அமைப்பு 24 மணி நேர அவசரத் தொலைபேசிச் சேவையை நடத்துகிறது. அந்த இலக்கத்தை மகளின் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் பதிந்து வைத்திருங்கள்.

கேள்வி (மஸ்கெலியா): ஸ்கொட்லாந்து வரை போவதற்கு முன் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் பயிற்சி செய்யலாமா? மூழ்கிய பழைய நகரத்தின் கோயிலையும் பார்த்துவிடலாம் என நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாம். ஆசை எனக்குப் புரிகிறது. வரட்சியில் நீர் இறங்கும்போது தலைகாட்டும் பழைய நகரின் வழிபாட்டிடங்களைக் காண ஊரே திரள்வதை நாம் அறிவோம். ஆனால் அந்நீர்த்தேக்கத்திலிருந்து சுரங்கவழியாகக் கெனியன் மின்நிலையத்துக்கு நீர் எடுக்கப்படுகிறது. உள்ளிழுக்கும் வாயிலை அண்டிய ஒருவரை அமுக்க வேறுபாடு பிடித்துக்கொண்டால் எந்தச் சுழியோடியாலும் விடுவிக்க முடியாது. சேறு கலங்கினால் கையும் தெரியாது; மீன்வலைகளும் சிக்கலாம். மேலும் அது 1,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரம். அங்கே 18 மீற்றருக்கு இறங்குவது, மேலேறும்போது நிகழும் அமுக்கத்தணிவைப் பொறுத்தவரை, கடலில் சுமார் 20 மீற்றருக்கு இறங்குவதற்குச் சமம். ஆழத்துக்கேற்ற நேர வரம்பைக் காட்டும் கடல்மட்ட அட்டவணை அங்கு பொருந்தாது. உயரப் பயிற்சி பெற்ற குழுவொன்று, அதிகாரிகளின் முன்அனுமதியோடும் நீர் எடுப்பு நிறுத்தப்பட்ட உறுதியோடும் செய்ய வேண்டிய வேலை அது. உங்களுக்கு இப்போது தேவை மிதப்புக் கட்டுப்பாடும் மிதவைக் குழாய் விடும் பழக்கமும். தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, தாழ்நிலத்திலுள்ள ஒரு நீச்சல் தடாகத்தில், பயிற்றுநர் ஒருவரின் மேற்பார்வையில் அவற்றைச் செய்து பாருங்கள்.