கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குபவர்கள் மயங்கி விழுவது ஏன்?
பெங்களூருவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உள்ள கழிவுநீர்த் தொட்டிகளில், காற்றோட்டமின்றிக் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. அது காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தேங்கி, உடலின் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாதபடி தடுத்துவிடுகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு கூடினாலோ, கே.ஆர். மார்க்கெட் பூக்கடையில் நெடுநேரம் இருப்பவருக்கு மல்லிகை மணம் தெரியாமற்போவதைப் போல, ஆனால் அதைவிட மிக விரைவாக, மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார் என்பதால்தான் ஒரே தொட்டியில் அடுத்தடுத்து உயிர்கள் போகின்றன என்பது மிகுந்த வேதனைக்குரியது. இறங்காமல் அவசர உதவி எண்ணான 112-ஐ அழையுங்கள். உரிய பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்குவதை, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.

தீக்குச்சி அணையாமல் எரிந்தால் இறங்கலாம் என்று பலர் நம்புவது தவறு: அந்தச் சுடர் நச்சு வாயுவைக் காட்டிக்கொடுக்காது, அங்குள்ள மீத்தேனைப் பற்றவைக்கவும் கூடும்.