பின்னாளில் நட்சத்திரமான பேஸ்பால் வீரர்களின் மைனர் லீக் அட்டைகளுக்கு (உச்ச நிலையான மேஜர் லீக்குக்குக் கீழுள்ள அணிகளில் ஆடியபோது வெளியான, வீரர் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளுக்கு) மதிப்பு உண்டா?

உண்டு, ஆனால் ‘ரூக்கி கார்டு’ (அறிமுக அட்டை) என்ற பட்டம் அவற்றுக்குக் கிடைக்காது. சேகரிப்பாளர்கள் வழக்கத்தில் அது மேஜர் லீக் தொகுப்பில் வரும் முதல் அட்டைக்கே உரியது. சியாட்டில் மரைனர்ஸ் என்ற மேஜர் லீக் அணியில் நட்சத்திரமான கென் கிரிஃபி ஜூனியரைப் பாருங்கள். 1987இல், 17 வயதில், பெல்லிங்ஹாம் மரைனர்ஸ் என்ற மைனர் லீக் அணிக்கு ஆடியபோதே அவருக்கு அட்டை வந்துவிட்டது. ஆனாலும் ஊரே தேடி அலைவது 1989இல் அப்பர் டெக் நிறுவனம் வெளியிட்ட 1ஆம் எண் அட்டையைத்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில் அவர் தலையில் இருப்பது சான் பெர்னார்டினோ ஸ்பிரிட் என்ற மைனர் லீக் அணியின் தொப்பி. சியாட்டில் தொப்பிபோலத் தெரியும்படி நிறத்தை மாற்றிவிட்டார்கள்!

மைனர் லீக் அட்டைகள் பெரும்பாலும் அணிவாரியாக, முழுத் தொகுப்பாகவே விற்கப்பட்டவை. பெயர் தெரியாத பலருக்கு நடுவே ஒருவர் மட்டும் மேலே வருவார். பிரிக்காத தொகுப்பாகப் பார்த்து வாங்குங்கள் என்பேன். ஒற்றை அட்டையில் போலி நுழைவது எளிது.

விலையில் உச்சம் பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத்தின் அட்டை. 1914இல் மைனர் லீக் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸில் அவர் இருந்தபோது உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று வெளியிட்ட அட்டை அது. பின்பக்கம் ஆட்ட அட்டவணை. அவற்றில் ஒன்று 2023இல் 72 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.