அமைச்சராக இல்லாத ஒரு சாதாரண சட்டமன்ற உறுப்பினரால் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்?

திறப்பு விழா, கல்யாண வீடு, சபையில் கட்சி சொன்னபடி கை தூக்குவது, இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் அவ்வளவுதான், மறுக்கவில்லை. ஆனால் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டசபையில் இருந்தது 1927 முதல் 1930 வரைதான். நியமன உறுப்பினர். பின்னால் கட்சியும் கிடையாது, தொகுதியும் கிடையாது.

புதுக்கோட்டைக்காரர், 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர், வைத்தியத்தை விட்டுவிட்டு இதெல்லாம் எதற்கு என்று முதலில் தயங்கியவர். உள்ளே போனதும் சபையே ஒருமனதாகத் துணைத்தலைவர் ஆக்கியது.

எல்லோரும் அவரைத் தேவதாசி முறையை ஒழித்தவர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதை எந்தப் பக்கமிருந்து பிடித்தார் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். கோயில் ஊழியத்துக்காக அந்தக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் இருந்தது. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும், அதனால் அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியே (கோயிலுக்கென்று நேர்ந்துவிட்டே) ஆகவேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் சோறு இல்லை. இப்படி இருக்கும்போது 'பாவம், விட்டுவிடுங்கள்' என்று உபதேசம் செய்து என்ன பயன்? அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் 1929-ல் நிறைவேறியது; ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் கையைவிட்டுப் போகாது என்று ஆனது. தடை அப்புறம், முதலில் வயிற்றுப்பாடு. அவருடைய அம்மா சந்திரம்மாளே அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர் என்பதால் இந்தக் கணக்கு அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பும் சும்மா இல்லை. சபையில் சத்தியமூர்த்தி போன்றவர்கள் ஒரு பக்கம். வெளியே பெங்களூர் நாகரத்தினம்மாள் உட்பட தேவதாசிப் பெண்களே சங்கம் கூட்டி, எங்களைக் கேட்காமல் எங்களுக்குச் சட்டமா என்று மனு கொடுத்தார்கள். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய இசையும் நடனமும் ஒழுக்கக்கேட்டோடு சேர்த்தே பேசப்பட்டதில் முத்துலட்சுமிக்கும் பங்கு உண்டு.

1930-ல் காந்தி கைதானதும் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லமும், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அதற்குப் பிறகு வந்தவை. பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவையும் அவர் சபையில் இருந்தபோதே கொண்டுவந்திருந்தார், ஆனால் அந்தத் தடை சட்டமானது 1947-ல், ஓமந்தூரார் ஆட்சியில்தான். அதற்குள் அவர் சபையை விட்டு வெளியேறிப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது.