இன்சுலினை அடக்கினால் எடை குறையுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: கழுத்தைச் சுற்றிக் கறுப்பு படர்ந்திருக்கிறது. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வயது 29, எடை 84 கிலோ. (மேலூர் வாசகி)

ப: தேய்க்காதீர்கள் அம்மா, அது அழுக்கு இல்லை. உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியாதபோது கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. அந்த மிகுதி தோலைத் தடித்துக் கறுக்க வைக்கும். மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எடை குறையக் குறைய இந்தக் கறுப்பும் வெளுக்கும்.

கே: கொழுப்பைச் சேர்ப்பது இன்சுலின் என்றால், மாத்திரையால் அதை அடக்கிவிட வேண்டியதுதானே? (திருமங்கலம் வாசகர்)

ப: உங்களுக்கு முன்பே ஆய்வாளர்களுக்கும் இது தோன்றியது. டயசாக்சைடு என்றொரு பழைய மருந்து, கணையம் இன்சுலினை வெளியே விடாமல் தடுக்கும். சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துபோகும் குழந்தைகளுக்குத் தருவது. 1998-ல் வெளிவந்த சிறிய அமெரிக்க ஆய்வில், இன்சுலின் மிகுந்த பருமனானவர்கள் 8 வாரத்தில் இதனால் கூடுதலாக இளைத்தார்கள். சரி, வழி கிடைத்தது என்றால், 2007-ல் டென்மார்க் ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. போதாததற்குச் சர்க்கரை ஏறும், கால் வீங்கும், உடம்பில் முடி வளரும். எடைக்காக இதைத் தேடிப் போகாதீர்கள்.

கே: சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை?

ப: இது கணையத்தை அடக்குவதில்லை, முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரை விடுவதைக் குறைக்கிறது, அதனால் இன்சுலின் தேவையும் குறைகிறது. எடை இரண்டு மூன்று கிலோ இறங்கினால் அதிகம்.

கே: வாரம் ஒரு ஊசி போட்டால் இளைக்கலாமாமே, அது இன்சுலினைக் குறைக்கிறதா? (தல்லாகுளம்)

ப: வேடிக்கை இங்கேதான். அந்த ஊசி மருந்துகளான செமாகுளூடைடு, டிர்செபடைடு இரண்டுமே சாப்பிட்ட பின் இன்சுலின் சுரப்பைத் தூண்டுபவை! ஆனால் பசியை அடக்குகின்றன. ராத்திரி நான்கு பரோட்டா கேட்ட வயிறு ஒன்றோடு போதும் என்கிறது. செமாகுளூடைடு ஆய்வில் 68 வாரத்தில் எடை சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. ஆக, எடைக்கு இன்சுலின் ஒன்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. குமட்டல் வரும், நிறுத்தினால் எடை திரும்பும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

கே: ரத்தத்தில் இன்சுலின் டெஸ்ட் எடுக்கட்டுமா? (உசிலம்பட்டி)

ப: பலருக்கு அவசியமில்லை. தையல்காரரின் டேப்பை எடுங்கள். இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால், முதலில் சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் மூன்றையும் பாருங்கள்.