துறைமுகப் புறநகரில் பிஸ்கட் தொழிற்சாலை ஏன் எழுந்தது?

ஆஸ்திரேலியாவின் போர்ட் மெல்பர்னில் 1854-இல் தொடங்கி, பின்னர் ஸ்வாலோ அண்ட் ஏரியல் எனப் பெயர்பெற்ற பிஸ்கட் தொழிற்சாலை கடற்கரையை ஒட்டி அமைந்த காரணத்தை இங்கே கேட்டிருக்கிறார்கள். அங்கே முதலில் தயாரானது ‘கப்பல் பிஸ்கட்’. மாவையும் தண்ணீரையும் பிசைந்து, ஈரம் அறவே போகும்வரை சுட்டு உலர்த்திய கெட்டியான வில்லை அது.

பூஞ்சை வளர ஈரம் வேண்டும். ஈரமில்லாத பண்டம் மாதக்கணக்கில் கெடாது. வேலூரில் அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டைமாடியில் காயும் வடகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: கையில் அள்ளினால் கலகலவென்று ஓசை வரும் பதத்தில் டப்பாவில் அடைத்தால் அடுத்த கோடை வரை இருக்கும், சற்றே ஈரம் தங்கினாலும் ஒரு வாரத்தில் நாறிவிடும்.

அன்று சாண்ட்ரிட்ஜ் என்றழைக்கப்பட்ட அவ்வூரில் (பெயர் மாறியது 1884-இல்) தங்கவேட்டைக்கு வந்தவர்களின் கப்பல்கள் குவிந்தன. அவை திரும்பும் நெடும்பயணத்துக்கு உணவு தேவைப்பட்டது. மெல்பர்ன் நகரோடு அவ்வூரை இணைத்த நீராவி ரயிலும் அதே 1854 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. தோல் பதனிடும் தொழில் தண்ணீரை நாடிப் பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர் எனப் பரவியது. பிஸ்கட் தொழிலோ வாங்குபவரை நாடிக் கப்பல்துறைக்குப் போனது. அந்தப் பழைய கட்டடங்களில் இன்று மக்கள் குடியிருக்கிறார்கள்.

கப்பல் பிஸ்கட் உப்பினால்தான் கெடாமல் இருந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அதைக் காத்தது உப்பு அன்று, ஈரமின்மையே.