பத்தாயிரம் ஃபாலோயர்ஸ்ல எத்தனை பேர் வர்க்கி வாங்குவாங்க?

கோத்தகிரில வீட்டுக்காரரோட சேர்ந்து சின்ன பேக்கரி நடத்துற சகோதரி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "விறகு அடுப்புல வர்க்கி போடுறோம், ஹோம்மேட் சாக்லேட்டும் உண்டு. இன்ஸ்டால முந்நூறு பேர் கூட ஃபாலோ பண்ணல. மாசம் எட்டாயிரம் குடுத்தா பத்தாயிரம் ஃபாலோயர்ஸ் ஏத்தித் தர்றேன்னு ஒரு ஏஜென்சிக்காரர் கடைக்கே வந்து சொல்லிட்டுப் போனார். குடுக்கலாமா, இல்ல இந்த சோசியல் மீடியாவே நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வேஸ்ட்டா?"

குடுக்காதீங்க. அப்படி மொத்தமா ஏத்துற ஃபாலோயர்ஸ் பெரும்பாலும் ஆளே இல்லாத போலி கணக்குங்க. நீங்க ஒரு ஃபோட்டோ போட்டா இன்ஸ்டா அதை முதல்ல கொஞ்சம் பேருக்கு காட்டிப் பாக்கும், அவங்க கண்டுக்கலைன்னா மத்தவங்களுக்கு காட்டுறதையும் குறைச்சிரும். போலி கணக்கு எங்க கண்டுக்கும்? அப்புறம் உங்க நிஜ முந்நூறு பேருக்கும் ஒழுங்கா போய்ச் சேராது.

அதை விட மோசம் இன்னொண்ணு. இந்த ஏஜென்சிக்காரங்க உங்க கடை பேஜை அவங்க மெயில் ஐடி, அவங்க ஃபோன் நம்பர்ல ஓபன் பண்ணிருவாங்க. நீங்க பணத்தை நிறுத்துன அன்னைக்கு பாஸ்வேர்ட் கேட்டா ஃபோனையே எடுக்க மாட்டாங்க, கடை பேர் உங்களுது, கணக்கு அவங்களுது. இன்ஸ்டாகாரன்கிட்ட புகார் பண்ணலாம்னா பேசுறதுக்கு ஒரு மனுசன் கிடையாது, படிவம் மேல படிவம் தான். அதனால யார் உதவி பண்ணாலும் சரி, கணக்கு உங்க நம்பர்ல இருக்கணும், ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாது.

சரி, அப்ப எது உதவும்? உங்களுக்கு வர்றவங்க ரெண்டு வகை தான். மலை ஏறி வர்றவங்க, சாப்பிட்டுட்டு ஊருக்குப் போனப்புறம் அதே வர்க்கி வேணும்னு நினைக்கிறவங்க. முதல் ஆளுக்கு இன்ஸ்டா வேண்டாம், கூகுள் மேப் தான். கார்ல உக்காந்துட்டு பக்கத்துல வர்க்கி எங்க கிடைக்கும்னு தேடுறப்ப உங்க கடை, திறக்குற நேரம், நாலு நல்ல ஃபோட்டோ தெரியணும். இது இலவசம். "கூகுள்ல இருந்து பேசுறோம், லிஸ்டிங்குக்கு காசு கட்டுங்க"ன்னு ஃபோன் வந்தா கட் பண்ணிருங்க. என்ன, கடை உங்களுதுதான்னு நிரூபிக்க போர்டு, தெரு, உள்பக்கம் எல்லாம் காட்டி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வாங்க. கோத்தகிரி மழைல ஒத்தக் கோடு சிக்னல்ல அதை ஏத்துறது ஒரு தவம், ஏத்துனப்புறம் காரணமே சொல்லாம ரிஜெக்ட் பண்ணுவான். விடாம திரும்ப அனுப்புங்க.

ரெண்டாவது ஆளுக்கு வாட்ஸ்அப் பிசினஸ். அதுவும் இலவசம், கேட்டலாக்ல விலையோட போட்டு வைக்கலாம். பாக்கெட் மேல ஒட்டுற லேபிள்ல உங்க நம்பர் பெருசா இருக்கட்டும், பில் போடுறப்பவே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க"ன்னு வாய்விட்டு சொல்லுங்க, ஏன்னா ஒரே தடவைல எல்லாருக்கும் அனுப்புற பிராட்காஸ்ட் மெசேஜ் நம்ம நம்பரை சேவ் பண்ணவங்களுக்கு தான் போகும். இன்ஸ்டாவுல காலைல அடுப்புல இருந்து தட்டை வெளிய இழுக்குறத பத்து செகண்ட் எடுத்துப் போடுங்க, போதும். கடை நிஜம்தான்னு பாக்க வர்றவனுக்கு அதுவே சாட்சி.

நம்பர் வெளிய போனா கூடவே ஒரு தொல்லையும் வரும். "வெலிங்டன் கேம்ப்ல இருந்து பேசுறேன், யூனிட்டுக்கு நாப்பது கிலோ வர்க்கி வேணும், அட்வான்ஸ் அனுப்புறேன்"னு ஹிந்தில ஒருத்தன் பேசுவான், ஆர்மி ஐடி கார்டு ஃபோட்டோ கூட அனுப்புவான். வேற ஊர்ல இதைக் கேட்டா சந்தேகம் வரும், நம்ம பக்கம் வெலிங்டன்ல நிஜமாவே ராணுவம் இருக்கே, அதனால நம்பிருவோம். அப்புறம் ஒரு கியூஆர் கோட் அனுப்பி "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துரும்"பான். யூபிஐல பணம் வாங்குறதுக்கு பின் நம்பரே தேவையில்லைங்க. பின் கேட்டாலே பணம் உங்க கைய விட்டுப் போகப்போகுதுன்னு அர்த்தம். போயிருச்சுன்னா வெக்கப்படாம உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு ஃபோன் பண்ணுங்க, லேட் ஆக ஆக பணம் கைமாறிட்டே போகும்.

இன்ஸ்டால காசு குடுத்து விளம்பரமே வேண்டாமான்னு கேட்டா, ரெண்டே ரெண்டு சமயத்துல வேணும், சீசன்ல இல்ல. 2025 ஏப்ரல்ல இருந்து சீசன் மாசங்கள்ல நீலகிரிக்கு இ-பாஸ்ல சாதாரண நாள்ல 6,000 வண்டி, வார இறுதில 8,000னு அளவு வச்சாங்க, அப்ப வர்ற கூட்டத்துக்கே உங்க அடுப்பு தாங்காது, விளம்பரம் எதுக்கு. தீபாவளிக்கு மூணு வாரம் முன்ன, அப்புறம் கிறிஸ்துமஸுக்கு முன்ன மட்டும் போடுங்க, ஏன்னா கிஃப்ட் பாக்ஸ் அப்பதான் ஓடும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மட்டும் தேர்ந்தெடுங்க. இந்தியா முழுக்கன்னு விட்டுட்டா பாட்னால இருந்து லைக் வரும், ஆர்டர் வராது. பட்டனை "மெசேஜ் அனுப்பு"ன்னு வைங்க, நேரா வாட்ஸ்அப்புக்கு வரட்டும். ஒரு நாளைக்கு இருநூறு ரூபா போதும், அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியா எடுப்பான், கணக்குல வச்சுக்கோங்க. ஒரு வாரம் பாத்துட்டு ஒரு ஆர்டர் கூட வரலைன்னா நிறுத்திருங்க, "இன்னும் கொஞ்சம் போட்டா பிக்கப் ஆகும்"னு ஆப் சொல்றதக் கேக்காதீங்க.

பெங்களூருக்கோ கேரளாவுக்கோ பார்சல் போக ஆரம்பிச்சா விற்பனை எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஜிஎஸ்டி நம்பர் வேணும், ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு அனுப்புங்க. ஏப்ரல், மே மாசத்துல சாக்லேட் கொரியர் யார் கேட்டாலும் ஒத்துக்காதீங்க, மேட்டுப்பாளையம் தாண்டுறதுக்குள்ள உருகி ஒண்ணா ஒட்டிக்கும், அந்த ஃபோட்டோவத்தான் உங்க கூகுள் ரிவ்யூல போடுவாங்க.