ஒபாமாவுக்கு விழுந்த ஓட்டும் நிறக் கணக்கும்: கேள்வி பதில்

ஒபாமா ஜெயித்த 2008 தேர்தலில் நிறம் எவ்வளவு வேலை செய்தது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே ஒரு எச்சரிக்கை: இங்கே வரும் சதவீதங்களில் பெரும்பாலானவை ஓட்டுப் போட்டவர்களிடம் கேட்டு எடுத்த எக்ஸிட் போல் கணக்கு. ஒன்றிரண்டு புள்ளி முன்னே பின்னே இருக்கும். அதற்காக யாரும் மல்லுக்கட்ட வேண்டாம்.

கேள்வி: வெள்ளையர் ஓட்டு இல்லாமல் அவர் ஜெயித்திருக்க முடியாது. அப்படியானால் அங்கே நிறவெறி ஒழிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

முதல் வரி சரி, இரண்டாவது சரியில்லை. வெள்ளையரில் ஒபாமாவுக்குப் போட்டவர்கள் 43 சதவீதம், எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் மெக்கெய்னுக்கு 55. வெள்ளையரிடம் அவர் தோற்றார். ஆனால் 1964-ல் லிண்டன் ஜான்சனுக்குப் பிறகு எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கும் வெள்ளையரிடம் பெரும்பான்மை கிடைத்ததில்லை. 2004-ல் ஜான் கெர்ரிக்கு 41தான் விழுந்தது, அவர் வெள்ளையர்தான். அதனால் யாரோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் 43-ஐ மட்டும் தூக்கிக் காட்டினால் எதையும் நிரூபிக்கலாம்.

அது எப்படிப்பட்ட வருஷம் என்றும் பாருங்கள். இராக் போரில் மக்கள் அலுத்துப்போயிருந்தார்கள். புஷ் பெயரைக் கேட்டாலே எரிச்சல். செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி கவிழ்ந்தது. அப்படி ஒரு அலை அடித்தும் வெள்ளையரிடம் கூடியது 2 புள்ளிதான். நிறம் குறுக்கே வராமலிருந்தால் இன்னும் எவ்வளவு கூடியிருக்கும்? ஒரு பொருளாதார ஆய்வாளர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல்லை எந்தெந்தப் பகுதியில் கூகுளில் அதிகம் தேடினார்கள் என்று எடுத்து, அங்கே கெர்ரிக்கு விழுந்ததோடு ஒபாமாவுக்கு விழுந்ததை ஒத்துப் பார்த்தார். நாடு முழுக்க 4 புள்ளி அளவுக்கு இழப்பு என்று வந்தது. கணிப்பு எடுக்க வருகிறவரிடம் நல்ல பிள்ளையாகப் பேசுகிறவர்கூட தனியாக இருக்கும்போது தேடுபொறியிடம் நடிக்கமாட்டார் இல்லையா?

அப்புறம் 'வெள்ளையர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். அலபாமா வெள்ளையரிடம் கெர்ரிக்கு 19, ஒபாமாவுக்கு 10. லூசியானாவில் 24 என்பது 14 ஆனது. வெர்மான்ட் வெள்ளையரிடமோ ஒபாமாவுக்கு 68. 1964-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சியை எட்டிப் பார்க்காத இந்தியானாவும் வர்ஜீனியாவும் அந்த முறை அவர் பக்கம் வந்தன.

கேள்வி: சார், 'பிராட்லி விளைவு' என்கிறார்களே, அது என்ன?

டாம் பிராட்லி, லாஸ் ஏஞ்சலஸ் மேயர், கறுப்பர். 1982-ல் கலிஃபோர்னியா கவர்னர் தேர்தலில் கருத்துக்கணிப்புகள் எல்லாம் அவர்தான் என்றன. ஒரு லட்சத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். கேட்டவரிடம் கறுப்பருக்குப் போடுவேன் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் மாற்றிப் போட்டார்கள் என்பது கதை. கதையில் பாதிதான் உண்மை என்பேன். தபால் ஓட்டுகள் எதிராளிக்குச் சாதகமாக வந்தன. கைத்துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய மக்கள் வாக்கெடுப்பும் அதே நாளில் நடந்ததால் அதை எதிர்த்த துப்பாக்கி உரிமையாளர்கள் திரண்டு வந்தார்கள். ஆனால் 1989-ல் வர்ஜீனியா கவர்னர் தேர்தலில் நின்ற கறுப்பர் டக்ளஸ் வைல்டரும் கணிப்பில் நன்றாக முந்தியிருந்து, 7,000-க்கும் குறைவான ஓட்டில்தான் கரையேறினார். ஆக, அந்தக் காலத்தில் ஏதோ இருந்தது.

2008-ல் அது இல்லை. கடைசிக் கணிப்புகளில் ஒபாமாவின் முன்னிலை சராசரியாக 7 புள்ளிச் சொச்சம், முடிவிலும் 7 புள்ளிச் சொச்சம். அதற்கு முன்னால், கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் உட்கட்சித் தேர்தலில், நியூ ஹாம்ப்ஷயரில் ஹிலரி கிளின்டன் ஜெயித்ததும் 'பிராட்லி, பிராட்லி' என்று கூவினார்கள். அங்கேயும் ஒபாமாவுக்குக் கணிப்பில் சொன்ன அளவு ஏறக்குறைய அப்படியே விழுந்தது. கடைசி நேரத்தில் முடிவெடுத்தவர்கள் ஹிலரி பக்கம் போனார்கள், அவ்வளவுதான்.

கேள்வி (மதுரை நண்பர்): கறுப்பர்கள் 95 சதவீதம் ஒபாமாவுக்குப் போட்டார்களே. அது நிறம் பார்த்துப் போட்டது இல்லையா?

கெர்ரிக்கு 88, அவருக்கு முன் 2000-ல் அதே கட்சியில் நின்ற அல் கோருக்கு 90 போட்டவர்கள் அவர்கள். இரண்டு பேரும் வெள்ளையர். 2006-ல் ஒஹாயோ கவர்னர் தேர்தலில் குடியரசுக் கட்சி ஒரு கறுப்பரை நிறுத்தியது. கறுப்பினத்தவர் பெரும்பாலும் எதிரே நின்ற வெள்ளையருக்கே போட்டார்கள். கட்சிதான் முதலில்.

மதுரை நண்பர் மறுபடி: அப்போ உட்கட்சித் தேர்தல்? ஒபாமா, ஹிலரி இரண்டு பேரும் ஒரே கட்சி. அங்கே எந்தக் கட்சியைப் பார்த்துப் போட்டார்கள்?

மடக்கிவிட்டீர்கள். அங்கே நிறம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். தென் கரோலினாவில் கறுப்பினத்தவரில் ஏறக்குறைய 10-க்கு 8 பேர் ஒபாமாவுக்கு, வெள்ளையரில் 4-க்கு ஒருவர். ஆனால் நாள்காட்டியையும் பாருங்கள். 2007-ல் கறுப்பின வாக்காளர்களில் ஏராளமானோர் ஹிலரி பக்கம். கிளின்டன் குடும்பத்தோடு பழைய உறவு. அதோடு, 'நம்ம ஆளுக்கு வெள்ளைக்காரன் எங்கே போடப்போகிறான், ஓட்டு வீணாகும்' என்ற பயம். 2008 ஜனவரி 3, ஐயோவா. 90 சதவீதத்துக்கும் மேல் வெள்ளையர் உள்ள மாநிலம். ஒபாமா ஜெயித்தார். அதற்குப் பிறகுதான் தென் கரோலினா அப்படிச் சாய்ந்தது. வெள்ளையர் போடுவார்கள் என்று தெரிந்த பிறகே கறுப்பர்கள் அவரை நம்பினார்கள். நிறம் மட்டுமே போதுமென்றால் ஐயோவா வரை ஏன் காத்திருக்க வேண்டும்? 2000-ல் சிகாகோவில் கறுப்பினத் தொகுதியில் அங்கே எம்.பி.யாக இருந்த கறுப்பர் பாபி ரஷ்ஷை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நின்ற இதே ஒபாமா 2-க்கு 1 கணக்கில் மண்ணைக் கவ்வினார். ஹார்வர்டில் படித்த இவர் நம்ம ஆள்தானா என்று அப்போது பேசியதும் கறுப்பர்கள்தான்.

மூன்றாம் முறையாக மதுரை நண்பர்: சுற்றி வளைக்கிறீர்கள். நம்மவன் என்று போட்டால் அதுவும் இனவெறிதானே?

இல்லை. ஒருவர் நம்மவர் என்று மகிழ்ந்து போடுவதும், ஒருவர் தோலைப் பார்த்து மறுப்பதும் ஒரே தராசில் ஏறாது. 1960-ல் கத்தோலிக்கர்கள் திரண்டு போய்க் கத்தோலிக்கரான கென்னடிக்குப் போட்டார்கள். அதை யாரும் மதவெறி என்று சொல்வதில்லை. மேற்கு வர்ஜீனியா உட்கட்சித் தேர்தலில் வெள்ளையரில் 5-ல் ஒருவர் அளவுக்கு, இனமும் தங்கள் முடிவில் ஒரு காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அங்கே ஹிலரி 67, ஒபாமா 26. இதோடு விட்டுவிடுவோம், மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

கேள்வி: வெள்ளையர் எத்தனை சதவீதம் போட்டார்கள்?

முதல் பதில்.

கேள்வி: வெள்ளையரிடம் ஒபாமா ஜெயித்தாரா இல்லையா?

முதல் பதில்!

கேள்வி: இரண்டாம் முறை என்ன ஆயிற்று?

2012-ல் வெள்ளையரிடம் 39 ஆக இறங்கினார். லத்தீனோக்களிடம் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) 71, ஆசியர்களிடம் 73 என்று ஏறினார். கறுப்பினத்தவரில் ஓட்டுப் போட வந்தவர்களின் விகிதம் அந்த முறை வெள்ளையரில் வந்தவர்களின் விகிதத்தையே தாண்டியது.

கேள்வி: கமலா ஹாரிஸ் நம்ம துளசேந்திரபுரத்துப் பேத்தி. அவருக்கு மட்டும் ஏன் இது நடக்கவில்லை?

2024-லும் கறுப்பினத்தவரில் 80 சதவீதத்துக்கு மேல் அவருக்குத்தான் போட்டார்கள். விலைவாசி, ஆளுங்கட்சி என்ற சுமை, பிரசாரத்துக்குக் கிடைத்த மூன்றரை மாதம். இதற்கே தனியாக ஒரு நாள் உட்கார வேண்டும்.

கேள்வி: ஐயா, நம்மூர் சாதி ஓட்டும் இதே மாதிரிதானே?

என் துறை இல்லை. தொகுதி தொகுதியாக அலைந்து பார்த்தவர்களிடம் கேளுங்கள்.

மதுரை நண்பர்: கடைசியாக ஒன்று. 95 இல்லை, 96 என்று ஒரு இடத்தில் பார்த்தேன்.

ஒன்றிரண்டு புள்ளி முன்னே பின்னே என்று முதல் பத்தியிலேயே சொன்னேனே, நண்பரே.